படம் நடுங்குதா, மிதக்குதா, வழுக்குதா? கையால் வரையும் அனிமேஷனில் பிழை தேடும் வழி

ஒவ்வொரு தாளாக வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் முதல் நாள் யாருக்கும் படம் சரியாக ஓடாது. நடுங்கும், குதிக்கும், வழுக்கும், சில நேரம் வெறும் கறுப்பாக வரும். உடனே பிள்ளைகள் முப்பது தாளையும் ஓரம் வைத்துவிட்டு முதலிலிருந்து வரைய உட்காருவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோளாறு முப்பது தாளிலும் இருக்காது. இரண்டு மூன்று தாளில் இருக்கும். இல்லாவிட்டால் தாளிலேயே இருக்காது, ஸ்கேன் செய்த விதத்தில் இருக்கும். இடம் தெரியாமல் மறுபடி வரைந்தால் அதே கோளாறு புதுத் தாளிலும் வந்து உட்காரும்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுடன் உட்கார்ந்து வரைகிறேன். அவர்கள் கொண்டுவரும் கோளாறுகளை அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள்.

முதலில் தாள்கட்டைக் கையில் எடுத்துப் புரட்டுங்கள்

தாள்களை வரிசையாக அடுக்கி, துளை போட்ட ஓரத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்து, எதிர் ஓரத்தை வலது கட்டைவிரலால் சரசரவென்று விடுங்கள். பள்ளியில் நோட்டு மூலையில் பொம்மை வரைந்து ஓட்டிப் பார்ப்போமே, அதேதான். கையில் புரட்டும்போதே கோளாறு தெரிந்தால் அது வரைந்ததில் இருக்கிறது. கையில் நன்றாக ஓடி, திரையில் மட்டும் கெட்டால் ஸ்கேனிலோ மென்பொருளிலோ இருக்கிறது. நேராகக் கணினியில் வரைந்தவர்கள் பிளே பட்டனை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படமாக, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எந்த ஃபிரேமில் கண் உறுத்துகிறதோ அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, படம் மொத்தமும் நடுங்குதுங்க”

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். நடுங்குவது தாளா, கோடா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் தாளின் நான்கு மூலையிலும் ஒரு கூட்டல் குறி போட்டு, மற்ற எல்லாத் தாளிலும் அதை அப்படியே நகலெடுங்கள். ஓடவிட்டால் கூட்டல் குறியும் சேர்ந்து நடுங்குகிறதா? அப்படியானால் தாள் நிற்கவில்லை. குறி நின்று படம் மட்டும் நடுங்கினால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

தாள் நிற்காததற்கு முதல் காரணம் துளை. ஸ்டுடியோக்களில் மூன்று துளைத் தாளும் அந்தத் துளைகளில் நுழைந்து தாளை நிறுத்தும் முளைகள் கொண்ட பெக் பாரும் இருக்கும். நமக்கு அது வேண்டியதில்லை. அலுவலகங்களில் இருக்கும் சாதாரண இரண்டு துளைப் பஞ்ச் போதும்; அதன் துளைகளுக்கு நடுவே 80 மி.மீ. இடைவெளி, துளை ஒவ்வொன்றும் 6 மி.மீ. விட்டம். நான் ஒரு லேத் பட்டறையில் வழவழப்பான கம்பியை 5.8 மி.மீ. அளவுக்குக் கடைந்து, விரற்கடை நீளத்தில் இரண்டு துண்டாக வெட்டித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் முனைகளையும் லேசாக உருட்டிக் கொடுத்தார், தாள் கிழியாமல் இறங்க. பிளைவுட் பலகையில் 80 மி.மீ. தள்ளி இரண்டு ஓட்டை போட்டு, பசை வைத்து நட்டேன். ஆறு வருடமாக அதே பலகைதான்.

ஒரே தடவையில் இருபது தாளைப் பஞ்சுக்குள் திணித்தால் அடியில் இருப்பவை நழுவும், துளை சாயும். ஐந்து தாளுக்கு மேல் வேண்டாம். பஞ்சின் பக்கவாட்டில் இழுக்கிற மாதிரி ஓர் அளவுத் தகடு இருக்கும். அதை இழுத்துவிட்டு எல்லாத் தாளையும் அதில் முட்டவைத்துக் குத்துங்கள்.

இரண்டாவது காரணம் ஈரம். இதை நான் ஏற்காட்டில் கற்றுக்கொண்டேன். ஒரு கார்த்திகை மாதம் உறவினர் வீட்டில் தங்கி 24 தாள் வரைந்தேன். ஜன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வந்து உட்காரும் காலம் அது. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் அரை மணி நேரத்தில் நமத்துவிடும். மீதி 24 தாளைக் கீழே சேலத்துக்கு வந்து வரைந்தேன். சேர்த்து ஓடவிட்டால் சரியாக இருபத்தைந்தாவது படத்தில் எல்லாம் ஒரு துள்ளு துள்ளியது. பஞ்ச் சரி, பலகை சரி. ஒன்றும் புரியாமல் கடைசியில் தாளையே ஸ்கேல் வைத்து அளந்தேன். துளையிலிருந்து தள்ளியிருக்கும் எதிர் ஓரத்தில் கோடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடம் மாறியிருந்தது. தாள் ஈரம் குடித்தால் விரியும், அதுவும் அதன் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கூடுதலாக விரியும். மலையில் விரிந்த தாளில் வரைந்தவை அடிவாரத்துச் சூட்டில் சுருங்கிவிட்டன. இப்போதெல்லாம் தாளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில்தான் மலைக்கு எடுத்துப் போகிறேன். வரைந்த எல்லாத் தாளையும் ஒரே அறையில் ஓர் இரவு பரப்பிவைத்து, மறுநாள் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்கிறேன். மழைக்காலத்தில் சேலத்திலும் இது பலிக்கும்.

மூன்றாவது காரணம் ஸ்கேன். ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்தில் இன்னொரு பெக் பலகையை டேப் போட்டு ஒட்டி, தாளை அதில் மாட்டித்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனர் மென்பொருளில் தானாக ஓரம் வெட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு தாளையும் ஒவ்வோர் அளவில் வெட்டும். ஃபோனில் ஆவணம் ஸ்கேன் செய்யும் ஆப்களும் இதே வேலையைத்தான் செய்யும், அதனால் அவை வேண்டவே வேண்டாம். ஃபோனை ஒரு ஸ்டாண்டில் கட்டி, சாதாரண கேமராவிலேயே எடுங்கள். ஓபன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஸ்கேன் செய்த படத்தின் பெக் துளைகளை அடையாளம் கண்டு நேராக்கும் வசதி உண்டு. ஆனால் துளையே சாய்ந்திருந்தால் அதுவும் சாய்வாகத்தான் நேராக்கும்.

“நிற்கிற ஆளும் கொதிக்கிறான்”

கோடு ஒவ்வொரு படத்திலும் மயிரிழை அளவு மாறுவதால் வருவது இது. படம் முழுக்க ஒரே சீராகக் கொதித்தால் அது அழகுதான், விட்டுவிடுங்கள். ஆள் அசையாமல் நின்று கை மட்டும் ஆடும் இடத்தில் உடம்பும் சேர்ந்து கொதித்தால்தான் உறுத்தும். அங்கே உடம்பை ஒரே ஒரு தாளில் வரைந்து, கையைத் தனித்தனித் தாள்களில் வரையுங்கள். கணினியில் இரண்டு லேயராக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் இரண்டு படலமாக வையுங்கள். வேலையும் பாதியாகும்.

ஆள் போகப் போகக் குண்டாகிறான், தலை பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால் நீங்கள் முந்தைய தாளைப் பார்த்து அடுத்ததை, அதைப் பார்த்து அதற்கடுத்ததை என்று நகலுக்கு நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். கீ டிராயிங்குகளை முதலில் வரையுங்கள்: 1, 7, 13 என்று முக்கியமான நிலைகள். பிறகு இரண்டு கீயையும் லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரியும் பெட்டி) ஒன்றாக வைத்து நடுவில் உள்ளதை வரையுங்கள். லைட் பாக்ஸ் இல்லையா? பகல் நேரத்து ஜன்னல் கண்ணாடி போதும்.

“மாங்காய் விழவே மாட்டேங்குது, மிதக்குது”

சேலத்துப் பிள்ளைகளுக்கு நான் தரும் முதல் பயிற்சி பந்து அல்ல, மரத்திலிருந்து விழும் மாங்காய். பத்துப் பிள்ளையில் எட்டுப் பேர் கிளைக்கும் தரைக்கும் நடுவே மாங்காயைச் சம இடைவெளியில் வரிசையாக வரைவார்கள். ஓடவிட்டால் லிஃப்ட் இறங்குவது போல இறங்கும். படம் ஒவ்வொன்றும் அழகாகவே இருக்கும். தப்பு படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்.

விழும் பொருள் போகப் போக வேகம் எடுக்கிறது. சம நேரத்தில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்களாகக் கூடும். இதை அப்படியே ஸ்கேலில் அளந்து போடலாம். தாளின் ஓரத்தில் ஒரு நேர்கோடு. கிளையிலிருந்து முதல் இடைவெளி 2 மி.மீ., அடுத்தது 6, பிறகு 10, 14, 18, 22, 26, 30, 34. ஒன்பது இடைவெளி, மொத்தம் 162 மி.மீ. வினாடிக்கு 12 படம் என்றால் முக்கால் வினாடியில் தரை வந்துவிடும். உண்மையில் முக்கால் வினாடியில் ஒரு பொருள் விழும் உயரம் ஏறக்குறைய 2.75 மீட்டர், ஓரளவு தாழ்ந்த மாங்கிளைக்கு அது பொருத்தமான உயரம்தான். மாங்காயின் நடுப்புள்ளியை ஒவ்வொரு குறியிலும் வைத்து வரைந்து புரட்டிப் பாருங்கள். முதல் தடவை அது ‘பொத்’தென்று விழும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இன்னும் சரியில்லையா? தரையைத் தொடும் படம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். தரைக்கு ஒரு விரல் மேலே ஒரு படம், அடுத்த படத்தில் உருண்டு போகிற மாங்காய் என்று இருந்தால் அடி விழுந்ததே தெரியாது. கடைசி இடைவெளிகளில் மாங்காய் ஒன்றுக்கு இரண்டாகக் கண்ணுக்குத் தெறித்தால், இடைவெளி மாங்காயின் அளவைவிடப் பெரிதாகிவிட்டது என்று பொருள். அந்த இரண்டு மூன்று படத்தில் மட்டும் மாங்காயை விழும் திசையில் சற்று நீட்டி வரையுங்கள். ஒன்றின் வால் முந்தையதன் தலையைத் தொட்டால் கண் ஒட்டவைத்துக்கொள்ளும்.

கை ஆட்டுவது, தலை திருப்புவது எல்லாவற்றுக்கும் இதே இடைவெளிக் கணக்குதான். தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் படங்கள் நெருக்கமாக, நடுவில் அகலமாக.

“ரெண்டு மடங்கு வேகமா ஓடுதுங்க”

வரைந்ததைத் தொடாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. அங்கே எடுத்தது போன்ற பேசும்பட ஃபிலிம் ஓடும் வேகம் வினாடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைபவர்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, வினாடிக்கு 12 படத்தில் வேலையை முடிப்பது நீண்ட நாள் வழக்கம். நீங்கள் 12 என்று நினைத்து வரைந்திருப்பீர்கள், கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் 24 என்று வைத்து ஓட்டும். ஒன்று வேகத்தை 12 ஆக்குங்கள், அல்லது ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நீட்டுங்கள். பின்னால் பாட்டோ பேச்சோ சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வழியே நல்லது. ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் வேகம் வேண்டும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு படம் போட இடம் இருக்கும்.

எண் சரியாக இருந்தும் மெதுவாக, திக்கித் திக்கி ஓடினால் கணினியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அது உங்கள் படத்தின் குறை அல்ல. சின்ன அளவில் ஒரு வீடியோவாக ஏற்றுமதி செய்து பாருங்கள், உண்மையான வேகம் தெரியும்.

“நடக்கிறான், ஆனா கால் வழுக்குது”

நின்ற இடத்திலேயே நடக்கும் நடையை வரைந்து, பின்னணியை நகர்த்தும்போது வருவது. தரையில் ஊன்றிய பாதம் ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு பின்னால் போக வேண்டும், பின்னணியும் அதே அளவு போக வேண்டும். பாதம் 8 மி.மீ. போனால் பின்னணியும் 8 மி.மீ. ஒரு படத்தில் பாதம் 8, அடுத்ததில் 5 என்றால் சறுக்கும். எல்லாப் படத்தையும் லைட் பாக்ஸில் அடுக்கி, ஊன்றிய குதிகாலின் இடத்தை மட்டும் ஒரே தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் சம தூரத்தில் இல்லாத இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

சாதாரண நடையில் ஓர் எட்டுக்கு, அதாவது ஒரு காலடிக்கு, அரை வினாடி வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 12 படத்தில் ஒரு காலடிக்கு 6 படம், இரண்டு காலடிக்கு 12 படம். ஆள் விறைப்பாக, தரையில் உருளுவது போல நடந்தால் தலையின் உயரத்தைக் கவனியுங்கள். குதிகால் ஊன்றியதும் உடம்பு சற்று இறங்கும், கால் கடக்கும்போது ஏறும். தலை ஒரே கோட்டில் போனால் உயிர் இருக்காது.

“ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல்”

முதல் படத்தையே கடைசியிலும் ஒரு தடவை வைத்திருக்கிறீர்கள். 12 படச் சுற்றில் பன்னிரண்டாவது படம் முதல் படத்துக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும், முதல் படமாகவே இருக்கக் கூடாது. பதின்மூன்றாவதை எடுத்துவிடுங்கள்.

“முதல்ல ஒண்ணு, அப்புறம் பத்து, அப்புறம்தான் ரெண்டு வருது”

கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருப்பீர்கள். எழுத்து வரிசைப்படி அடுக்கும் மென்பொருள் 1, 10, 11, 12, 2 என்றுதான் எடுத்துக்கொள்ளும். 001, 002, 003 என்று பெயர் மாற்றி மறுபடி இறக்குமதி செய்தால் சரி. அம்மாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பையனுக்கு இதை நான் விளக்கவே தேவைப்படவில்லை. அவன் வீட்டில் பட்டுத்தறி. தறிக்குப் பூவின் வடிவத்தைச் சொல்லும் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகளை எண் வரிசையில் கோத்தால்தான் சேலையில் பூ வரும், ஓர் அட்டை மாறினாலும் இதழ் உடைந்துவிடும். “எங்கப்பா அட்டைக்கு நம்பர் போடுற மாதிரிங்க்கா” என்று சொல்லிவிட்டு, அவனே மற்றவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து வரையத் தொடங்கும் முன்பே தாளின் மூலையில் எண் போடுவது எங்கள் வழக்கம்.

“வெளிச்சம் மின்னி மின்னி வருது”

ஃபோனில் எடுத்தவர்களுக்கு மட்டும் இது வரும். கேமரா ஒவ்வொரு தாளுக்கும் வெளிச்சத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், மேகம் போகும் வரும்; ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மங்கி மின்னும். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். அப்புறம், உங்கள் நிழல் தாளில் விழாத பக்கமாக நில்லுங்கள்.

“கணினியில ஒரு படம் வரைஞ்சா எல்லாத்திலயும் வருது”

ஃபிரேம்கள் கட்டம் கட்டமாக வரிசையில் தெரியும் டைம்லைனில் அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் மட்டும் புதுத் தாள் வராது. புது ஃபிரேம் ஒன்றை நீங்கள் உண்டாக்க வேண்டும். பென்சில்2டி என்ற மென்பொருளில் அதற்கு எஃப்7 விசை. கிரிட்டாவில் டைம்லைனின் அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து காலி ஃபிரேம் உண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த லேயர் அசையாத பின்னணி போல எல்லா ஃபிரேமிலும் தெரியும். காகிதத்திலிருந்து வருபவர்களுக்கு இது பழக ஒரு வாரம் ஆகும், பொறுமையாக இருங்கள்.

முந்தைய படம் மங்கலாகத் தெரிய வேண்டிய ஆனியன் ஸ்கின் தெரியவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். கிரிட்டாவில் லேயரின் பக்கத்தில் இருக்கும் குண்டு பல்பு அணைந்திருக்கலாம். அல்லது நீங்கள் வரையும் லேயரே வெள்ளை நிரப்பியதாக இருக்கும். வெள்ளைக்கு அடியில் இருப்பது எப்படித் தெரியும்? வெள்ளையைக் கீழே தனி லேயரில் வைத்து, ஒளி ஊடுருவும் லேயரில் வரையுங்கள். ஸ்கேன் செய்த தாளிலும் இதே சங்கடம் வரும், தாளின் வெள்ளையும் கூடவே வந்துவிடுவதால்.

“கலர் ஊத்தினா வெளியே ஓடிடுது”

கோட்டில் எங்கோ ஒரு சந்து. படத்தைப் பெரிதாக்கி முழங்கை, காது, விரல் இடுக்கு ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். பென்சில் கோடு மங்கலாக ஸ்கேன் ஆகியிருந்தால், நிரப்பும் கருவியின் வண்ண வரம்பைக் குறையுங்கள் அல்லது கோட்டின் கறுமையைக் கூட்டுங்கள்.

“வீடியோவே வரல, வந்தாலும் கறுப்பா வருது”

பின்னணி கறுப்பு என்றால் உங்கள் படத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வழக்கமான எம்.பி.4 வீடியோவில் ஒளி ஊடுருவும் பின்னணி கிடையாது, காலியிடம் கறுப்பாகிவிடும். அடியில் ஒரு வெள்ளை லேயரைச் சேருங்கள்.

ஏற்றுமதி பாதியில் நின்று பிழைச் செய்தி வந்தால் படத்தின் அகல உயரத்தைப் பாருங்கள். வழக்கமான எம்.பி.4 முறைக்கு இரண்டுமே இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். ஸ்கேனை வெட்டும்போது 1653க்கு 1169 என்று ஏதாவது ஒற்றைப்படையில் நின்றிருக்கும். 1920க்கு 1080 என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. கிரிட்டாவின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். இல்லாமல் வீடியோ வராது.

எதுவும் நடக்கவில்லையா? வீடியோவை விட்டுவிட்டு, பி.என்.ஜி. படங்களின் வரிசையாக ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதி எந்தப் படத்தில் நின்றது என்று அதிலேயே தெரிந்துவிடும், அந்த ஃபிரேமை மட்டும் திறந்து பாருங்கள். வந்த படங்களை வேறு எந்த எடிட்டரில் போட்டாலும் வீடியோவாகச் சேர்ந்துவிடும். அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலும் நகலெடுத்து, வரைந்த தாள்கட்டு இருக்கும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள்.